கொல்லையில ஒரு லேத்து: பழைய மிஷினை பாத்து வாங்கி தேத்துற கதை

மன்னார்குடிக்கு பக்கத்துல கிராமம், வீட்டு கொல்லையில முன்னாடி மாட்டுக்கொட்டாய் இருந்த இடத்துல 12க்கு 10 அடியில ஒரு தகர ஷெட்டு. உள்ள ஒரு நாலரை அடி லேத்து (இரும்பை சுத்த விட்டு கடையிற மிஷின்), ஒரு பில்லர் டிரில், ஒரு பெஞ்ச் கிரைண்டர், இரும்பை இறுக்கி பிடிக்க ஒரு கனமான வைஸ், அவ்ளோதான் சொத்து. தொழிலா பண்றதில்ல, பம்புசெட்டு புஷ்ஷு, மிக்ஸி கப்ளிங், பவர் டில்லர் பின்னு இப்படி நமக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஆவுற வேலை. வீட்ல இந்த மாதிரி ஒண்ணு போடணும்னு கேக்குறவங்க நிறைய பேரு, எல்லாரும் மொதல்ல கேக்குறது எந்த கம்பெனி மிஷின், எவ்ளோ பெருசு வாங்கலாம்னுதான். பெரிய மிஷினுக்கு போடுற காசுல பாதியை, இருக்குற மிஷினை அசையாம உக்கார வைக்கவும் இரும்பை சீவுற டூலை நல்லா தீட்டவும் சரியா அளக்கவும் போட்டீங்கன்னா வேலை அதைவிட நல்லா வரும், இது ரெண்டு வருஷம் தண்டம் கட்டி நான் கத்துக்கிட்டது.

அந்த தண்டம் எப்படின்னா, ஆன்லைன்ல ஒரு குட்டி லேத்து வாங்குனேன், மேசை மேல வைக்கிற சைசு, ஸ்பீடு கூட்ட குறைக்க ஒரு திருகு, பாக்க பொம்மை கணக்கா அழகா இருந்துச்சு. எங்க ஊர்ல சாயங்காலம் ஆனா வோல்ட்டேஜு எறங்கும், ஃபேனு எண்ணி எண்ணி சுத்தும், அந்த நேரத்துல அதுல ஒரு இஞ்சு ராடை மாட்டி அழுத்துனா என்னாகும், ரெண்டாவது மாசமே கண்ட்ரோல் போர்டு பொக. வித்தவன் போனை எடுக்கல. பாதி தப்பு என்மேலயும்தான், கைக்கு அடக்கமான மிஷின்கிட்ட காளை மாட்டு வேலை வாங்குனா அது என்ன பண்ணும்.

அதனால வரிசை சொல்றேன். மொத மொதல்ல வைஸு, கனமான வார்ப்பு வைஸு, இதுல கஞ்சத்தனம் வேணாம். அப்புறம் டிரில். அப்புறம் கிரைண்டர். லேத்து கடைசியில. லேத்து வந்த அன்னிக்கே டூல் தீட்ட கிரைண்டர் வேணும், அது இல்லாம லேத்து வச்சிருக்கிறது அருவாமனை இல்லாத அடுப்படி மாதிரி.

இப்ப பழைய லேத்து பாக்குறது. திருச்சி துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பெல் கம்பெனியை நம்பி நிறைய சின்ன பட்டறைங்க இருக்கு, அதுல ஏதாவது மூடுறாங்க, இல்ல மிஷின் மாத்துறாங்கன்னா பழசு வெளிய வரும். கோயம்புத்தூர் போனா இன்னும் நிறைய கிடைக்கும், வண்டி வாடகையை கணக்கு பாத்துக்கங்க. அப்படி ஒரு பட்டறையில மிஷின் இருக்குன்னு தெரிஞ்சு போனப்ப, நாச்சியார்கோயில்ல 40 வருஷம் குத்துவிளக்கு கடைசல் பிடிச்ச ஒரு பெரியவரை கூட்டிட்டு போனேன். மிஷின் பச்சை பெயிண்ட்ல பளபளன்னு நிக்குது, நான் வாயை பொளந்துட்டு பாக்குறேன். அவரு பெயிண்ட்டு பக்கமே திரும்பல, வேட்டியை மடிச்சு கட்டிக்கிட்டு குனிஞ்சு, சக்குக்கு (ராடை கவ்விப் பிடிச்சு சுத்துற பாகம்) பக்கத்துல பெட் (லேத்தோட நீளமான அடிப்பாகம்) மேல கட்டைவிரல் நகத்தை வச்சு குறுக்கால இழுத்தாரு. "பெயிண்ட்டு 200 ரூவா தம்பி, பெட்டை பாரு"ன்னாரு. நகம் ஒரு எடத்துல டக்குன்னு தட்டுச்சு. கேரேஜ் (டூலை தாங்கிட்டு பெட் மேல ஓடுற பாகம்) ஓடி ஓடி தேஞ்ச எடத்துக்கும் ஓடாத எடத்துக்கும் நடுவுல படி விழுந்திருக்கு. அந்த மிஷினை அப்படியே விட்டுட்டு வந்துட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒண்ணு அமைஞ்சுச்சு.

நகத்தோட நிக்காம இன்னொரு சோதனையும் பண்ணுங்க. கேரேஜை சக்கு பக்கத்துல கொண்டுவந்து அங்க ஆட்டம் இல்லாத அளவுக்கு கேரேஜை பெட்டோட பிடிக்கிற கிப்பை டைட் வைங்க, அப்புறம் அப்படியே சக்குக்கு எதிர் முனையில இருக்கிற டெயில்ஸ்டாக் பக்கம் உருட்டுங்க, அங்க போக போக இறுகி நின்னுடுச்சுன்னா சக்கு பக்கம் பெட்டு தேஞ்சு கிடக்குன்னு அர்த்தம், ஏன்னா எல்லா வேலையும் அந்த ஒரு அடிக்குள்ளதான் நடக்கும். அடுத்து சக்குல ஒரு நீட்டு ராடை பிடிச்சு, டயல் கேஜை சக்குக்கு ஒட்டி வச்சு ராடை மேல கீழ நெம்பி பாருங்க, முள்ளு எவ்ளோ ஆடுதுன்னு தெரியும், 2 இல்ல 3 கோடு (கோடு ஒண்ணுக்கு 0.01 மி.மீ.) ஆடுனா பேரிங்கை டைட் வச்சு சரி பண்ண வாய்ப்பு இருக்கு, 10 கோட்டுக்கு மேலன்னா யோசிங்க. 20 நிமிஷம் ஓட விட்டு சக்கு மாட்டியிருக்கிற ஹெட்ஸ்டாக்குல கை வைங்க, வெதுவெதுப்பு ஓகே, கை வைக்க முடியலைன்னா வேணாம். வார்ப்புல எங்கயாவது வெல்டிங் ஒட்டு இருக்கா, கியர் பல்லு உடைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. மரை வெட்ட மாத்தி போடுற சேஞ்ச் கியர் செட்டு முழுசா இருக்கா, ஃபோர் ஜா சக்கு, ஃபேஸ் பிளேட்டு, ஸ்டெடி மாதிரி ராடை பிடிக்கிற துணை சாமானெல்லாம் தர்றாங்களான்னு விலை பேசறதுக்கு முன்னாடியே கேளுங்க, பேசி முடிச்சப்புறம் கேட்டா எல்லாமே "அது தனி சார்".

ஒரு விஷயம் மட்டும் குழப்பிக்காதீங்க. டூலை குறுக்கால நகத்துற கிராஸ் ஸ்லைடு கைப்பிடியை சுத்துனா கால் சுத்து சும்மா சுத்திட்டு அப்புறம்தான் நகருதுன்னு பயந்துட்டு நல்ல மிஷினை விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. அது உள்ள இருக்கிற நட்டு தேஞ்சது, ஒரு நாள் வேலை. மோட்டாரு, பெல்ட்டு, சக்கு, நட்டு எல்லாம் மாத்திக்கலாம். பெட்டும் ஸ்பிண்டிலும் (சக்கை சுத்துற அச்சு) மாத்துறதுக்கில்ல, பெட்டை சர்ஃபேஸ் கிரைண்டிங் போட்டு எடுக்கிற செலவுக்கு வேற லேத்தே வாங்கிடலாம். எச்எம்டி, பிஎஸ்ஜி, கிர்லோஸ்கர் பேரை பாத்து கண்ணை மூடிக்கிட்டும் வாங்காதீங்க. பேரு தெரியாத பஞ்சாப் லேத்து கம்மியா ஓடியிருந்தா, மூணு ஷிஃப்டு ஓடி நொந்துபோன பெரிய பேரை விட மேலு.

குட்டி யானையில ஏத்தும்போது, லேத்துக்கு தலைதான் கனம், கால் குறுகல், லேசா சாஞ்சா போச்சு. டெயில்ஸ்டாக்கையும் கேரேஜையும் கடைசிக்கு தள்ளி லாக் பண்ணிட்டு ஏத்துங்க. எறக்கி உள்ள கொண்டுபோக மூணு ஜிஐ பைப்பு, ரெண்டு கடப்பாரை, நாலு ஆளு போதும். ஆளாளுக்கு சத்தம் போட கூடாது, ஒருத்தர் வாய் மட்டும்தான்.

உக்கார வைக்கிறதுதான் நம்ம ஊரு பிரச்னை. எங்க பக்கம் மண்ணு கருங்களி, மழைக்கு உப்பும், சித்திரை வெயிலுக்கு கால் விரல் போற அளவுக்கு வெடிக்கும். நான் மொதல்ல பழைய சிமெண்ட் தரை மேலயே லேத்தை வச்சேன், மாசியில நல்லா கடைஞ்சுச்சு, வைகாசியில அதே ராடு ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்சு வருது, மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு தலையில கை வச்சு உக்காந்துட்டேன், கடைசியில பாத்தா தரை விரிஞ்சு ஒரு கால் எறங்கியிருக்கு. லேத்து பெட்டு இரும்புதான்னாலும் நாலு காலும் சமமா இல்லைன்னா துணி முறுக்குற மாதிரி லேசா முறுக்கிக்கும். அப்புறம் லேத்து நிக்கிற எடத்தை மட்டும் ஒன்றரை அடி தோண்டி களியை எடுத்துட்டு, மணல் நிரப்பி தண்ணி விட்டு இடிச்சு, மேல 6 இஞ்சுக்கு கம்பி கட்டி கான்கிரீட் போட்டேன், சுவத்தோட ஒட்டாம. எம்-சாண்டே போதும். ஸ்டாண்டு உள்ளயும் மணலை ரொப்புனேன், அதிர்வு அதுலயே பாதி போச்சு.

மட்டம் பாக்க கொத்தனார் ரசமட்டம் பத்தாது, ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுற லெவல் வேணும், அது இல்லாதவங்களுக்கு மிஷினே சொல்லும். 30 மி.மீ. ராடை சக்குல பிடிச்சு 150 மி.மீ. வெளிய விடுங்க, டெயில்ஸ்டாக் குடுக்காதீங்க. நடுவுல குறைச்சுட்டு ரெண்டு நுனியிலயும் வளையம் மாதிரி விட்டு, டூல் செட்டிங்கை மாத்தாம ஒரே வெட்டுல ரெண்டு வளையத்தையும் லேசா சீவுங்க. மைக்ரோமீட்டர் வச்சு பாருங்க. சக்குக்கு தூரமா இருக்கிற வளையம் தடிமன்னா டெயில்ஸ்டாக் பக்கம் நாம நிக்கிற பக்கம் இருக்கிற முன் காலுக்கு ஒரு ஷிம்மு (மெல்லிசு தகடு) குடுத்து தூக்குங்க, மெலிசுன்னா பின் காலை. திரும்ப சீவி பாருங்க. ரெண்டும் 0.01க்குள்ள வந்தா நம்ம வேலைக்கு தாராளம். வருஷத்துக்கு ரெண்டு தடவை, கோடையில ஒண்ணு, கார்த்திகை மழை முடிஞ்சு ஒண்ணு, இதை பண்ணிடுங்க.

கரண்ட்டுக்கு வருவோம். வீட்டு லைனு 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ், 1 எச்பி 1440 ஆர்பிஎம் மோட்டார் நாலரை அடி லேத்துக்கு போதும். மோட்டார்ல 3 இஞ்சு புல்லி, அந்தப்பக்கம் 9 இஞ்சுன்னா 480 வரும், இப்படி கணக்கு போட்டுக்கங்க. மூடுன மோட்டாரா வாங்குங்க, இரும்புத்தூள் காயிலுக்குள்ள போனா காலி. பழைய மிஷினோட த்ரீ ஃபேஸ் மோட்டார் வந்தா தூக்கி போடாதீங்க, பிளேட்ல 230/400 டெல்டா/ஸ்டார்னு இருந்தா டெல்டாவுல போட்டு சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸா குடுக்குற விஎஃப்டி பெட்டி ஒண்ணு வச்சா ஸ்பீடு ஏத்த எறக்க நல்லா இருக்கும், மின்னல் நேரத்துல மட்டும் பிளக்கை பிடுங்கிடணும். வயக்காட்டு இலவச மோட்டார் லைன்ல கொக்கி போட்டு ஓட்டலாம்னு எவனாவது யோசனை சொன்னா கேக்காதீங்க, வம்பு. எது இல்லைன்னாலும் டிஓஎல் ஸ்டார்ட்டர் ஒண்ணு போட்டுடுங்க. சாதா சுவிட்ச்ல ஓட்டுனா, கரண்ட் போச்சுன்னு நாம சக்குக்குள்ள கையை விட்டு துடைச்சுக்கிட்டு இருப்போம், பட்டுனு வரும், சக்கு சுத்த ஆரம்பிச்சுடும். ஸ்டார்ட்டர்ல கரண்ட் போனா காயில் விட்டுடும், திரும்ப பச்சை பட்டனை அமுக்குனாதான் ஓடும்.

அடுத்து டூலு. பக்கத்து வீட்டு மாமா பம்பு ஷாஃப்ட்டு ஸ்லீவை கொண்டுவந்து குடுத்தாரு, கடைஞ்சா கிர்ர்ர்ருனு தெரு முனை வரை கேக்குது, மேல ஓலைப்பாய் பின்னல் மாதிரி வரி வரியா விழுது. "என்னடா மாப்ள, கோலம் போட்டு குடுக்குற"ன்னாரு. மோட்டாரை குறை சொன்னேன், பேரிங்கை குறை சொன்னேன். ஆனா டூல் ஒன்றரை இஞ்சு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, கார்பைடு (ரொம்ப கடினமான கலவை) முனை மழுங்கி இருந்துச்சு, டூலை தாங்குற கம்பவுண்ட் ஸ்லைடோட கிப்பு லூசு. ஒரு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டை எடுத்து தீட்டி, அரை இஞ்சு மட்டும் வெளிய விட்டு, கிப்பை டைட் வச்சு, ஸ்பீடை பாதியாக்கி ஓட்டுனேன், சத்தமே இல்ல, சுருள் சுருளா வந்து விழுந்துச்சு. டூல் பிட்டு மிராண்டா, டிரில் பிட்டு அடிசன் மாதிரி தெரிஞ்சதா வாங்குங்க, தட்டுவண்டி பிட்டு ரெண்டு ஓட்டைக்கு மேல தாங்காது.

தீட்டும்போது அடியில 8 டிகிரி போல சாய்வு வந்தா போதும், முனையை ஊசியா விடாம எண்ணெய்க்கல்லுல லேசா உருட்டிடுங்க. எச்எஸ்எஸ்ஸை தண்ணியில தொட்டு தொட்டு தீட்டலாம், கார்பைடை சூட்டோட தண்ணியில விட்டா விரிசல் விடும், அதுக்கு பச்சை கல்லு தனியா வேணும். டூல் முனை ராடோட சென்டர் உயரத்துல இருக்கான்னு பாக்க ஒரு சின்ன வித்தை: ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவுல 6 இஞ்சு ஸ்கேலை வச்சு மெதுவா அழுத்துங்க, நேரா நின்னா சரி, தலை நம்ம பக்கம் சாஞ்சா டூல் கீழ இருக்கு, அந்தப்பக்கம் சாஞ்சா மேல இருக்கு. ஏத்துறதுக்கு உடைஞ்ச ஹேக்ஸா பிளேடு துண்டை விட நல்ல ஷிம்மு இல்ல. குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் (உயரத்தை திருகியே வைக்கிற டூல் பிடி) வாங்குனா இந்த தொல்லை போகும், நான் வாங்க வச்சிருந்த காசுல மைக்ரோமீட்டர் வாங்கிட்டேன், வருத்தம் இல்ல.

தேஞ்ச கிராஸ் ஸ்லைடு நட்டை பத்தி சொன்னேன்ல, அதை நான் மொதல்ல கும்பகோணத்து பித்தளை துண்டுல கடைஞ்சு போட்டேன், பாத்திரத்துக்கு வச்ச பித்தளை, ஏழெட்டு மாசத்துல பழைய கதை. ரெண்டாவது தடவை கன்மெட்டல் (வெண்கல வகை) ராடு கிலோ கணக்குல வாங்கி போட்டேன், இன்னும் ஓடுது.

டிரில்லுக்கு ஒரே கணக்கு, சாதா இரும்புல எச்எஸ்எஸ் பிட்டுக்கு நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு வச்சா 10 மி.மீ. பிட்டு 800 சுத்து, 3 மி.மீ. 2600 சுத்து கிட்ட. நம்மாளுங்க எல்லா பிட்டையும் ஒரே பெல்ட்டுல ஓட்டி, பெரிய பிட்டு நுனி நீலமாகி போச்சுன்னு கடைக்காரனை திட்டுவாங்க. டிரில்லுல கிராஸ் வைஸை மாட்டி மில்லிங் (சுத்துற கட்டரால இரும்பை சீவுறது) பண்ற ஆசை எல்லாருக்கும் வரும், டிரில் சக்கு வெறும் டேப்பர்ல (கூம்பு மாதிரி பிடி) பிடிச்சு நிக்குது, பக்கவாட்டுல தள்ளுனா கழண்டு விழும், கட்டரோட. மில்லிங் வேணும்னா லேத்து கிராஸ் ஸ்லைடு மேல வெர்டிகல் ஸ்லைடு ஒண்ணு மாட்டுங்க, சின்ன கீ வே (ஷாஃப்ட்டுல கீ உக்கார்ற காடி) வெட்ட அது போதும்.

துரு. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வந்தப்ப ஷெட்டு தகரம் எங்க போய் விழுந்துச்சுன்னே தெரியல, தென்னையெல்லாம் சாஞ்சு கிடக்கு, வீட்டை பாக்கவே நேரம் பத்தல, லேத்தை யாரு பாக்குறது. நாலு நாள் கழிச்சு போனா பெட்டு காவி கலரு. அப்ப கத்துக்கிட்டது: கழட்டுற சின்ன உருப்படியை எல்லாம் மளிகைக்கடை எலுமிச்சை உப்பு லிட்டருக்கு 50 கிராம் கரைச்சு ராத்திரி ஊற வச்சா துரு உரிஞ்சு வந்துடும், சோடா தண்ணியில அலசி உடனே துடைச்சு எண்ணெய் போடணும், ஸ்பிரிங்கை மட்டும் அதுல போடாதீங்க, சொல்லாம கொள்ளாம ஒடியும். பெருசுக்கு வாஷிங் சோடா தண்ணியும் பேட்டரி சார்ஜரும், உருப்படிக்கு மைனஸ், பழைய இரும்புத் தகட்டுக்கு பிளஸ், வெட்டவெளியில வச்சு. அந்த தகடு ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கவே கூடாது, குரோமியம் விஷம் தண்ணியில எறங்கும். பெட்டை ஊற வைக்க முடியாது, மண்ணெண்ணெயும் பழைய ரேஸர் பிளேடும் பொறுமையும்தான். எமரி பேப்பரை போட்டு அரைச்சுடாதீங்க.

மழைக்காலம் மட்டும் இல்ல, மார்கழி காலையில குளிர்ந்த இரும்பு மேல பனி வேர்க்கும். மூடி வச்சு உள்ள ஒரு 40 வாட் குண்டு பல்பை எரிய விடுங்க, துணி மேல படாம, இரும்பு லேசா சூடா இருந்தா வேர்க்காது. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காத்து, அங்க பெட்டுக்கு மெல்லிசா கிரீஸே தடவிடுங்க. இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, அறுப்பு நேரத்துல கதிரடிக்கிற மிஷின் ஓடுனா நெல்லு தூசு வந்து எண்ணெய் போட்ட பெட்டு மேல அப்படியே ஒட்டும். உமியில சிலிக்கா இருக்கு, எண்ணெயோட சேந்தா அது அரைக்கிற பேஸ்ட்டுதான். தை மாசம் லேத்தை மூடியே வைங்க, ஓட்டுறதுக்கு முன்னாடி துடைச்சுட்டு புது எண்ணெய்.

கையில கோயில் கயிறு, கழுத்துல துண்டு, லுங்கி, கிளவுஸ், இது நாலும் ஷெட்டு வாசலோட. கயிறு அறுந்து போகும்னு நினைப்பீங்க, அது அறுறதுக்குள்ள கை போயிடும். சக்கு சாவியை சக்குல விட்டுட்டு கையை எடுக்கவே கூடாது. கிரைண்டருக்கு புது கல்லு மாட்டுறதுக்கு முன்னாடி விரல்ல தொங்க விட்டு தட்டி பாருங்க, வெங்கலம் மாதிரி கணீர்னு கேக்கணும், சொத்துன்னா விரிசல். கல்லுக்கும் டூலை வச்சு தீட்டுற ரெஸ்ட்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல இடைவெளி விடாதீங்க.

கடைசியா மரை வெட்டுறவங்களுக்கு. பழைய லேத்துல, மரை வெட்டும்போது கேரேஜை ஓட்டுற லீடு ஸ்க்ரூ பெரும்பாலும் இஞ்சுக்கு 4 மரை, நமக்கு வர்ற போல்ட்டெல்லாம் மில்லிமீட்டரு. 127 பல்லு கியர் ஒண்ணு தேடி பிடிங்க, ஒரு இஞ்சு 25.4 மி.மீ., அதை அஞ்சால பெருக்குனா 127, அதான் அந்த கணக்கு. 1.5 மி.மீ. பிட்ச்சுக்கு (மரைக்கு மரை தூரம்) ஸ்பிண்டில் பக்கம் 30 பல்லு, லீடு ஸ்க்ரூவுல 127, நடுவுல எந்த ஐட்லரும் (இடைக் கியர்) போடலாம். வெட்டி முடியிற வரை, கேரேஜை லீடு ஸ்க்ரூவோட சேக்குற ஹாஃப் நட்டை திறக்காதீங்க, டூலை பின்னால இழுத்துட்டு மோட்டாரை ரிவர்ஸ்ல ஓட்டிதான் ஆரம்பத்துக்கு கொண்டுவரணும், திறந்து மூடுனா மரை மேல மரை ஏறிடும்.